நீர்மட்டம், காலை ஆறு மணி

நாலு மாதம் யாருக்கும் சொல்லவில்லை.
உன்னிச்சைக் குளத்தில் அளவுகோல் ஒன்று.
எனக்கு இரண்டு.
இரட்டைப் பிள்ளைகள் மாதிரி
பக்கத்தில் பக்கம் தண்ணீருக்குள் நின்றன.
இரண்டிலும் ஒரே மட்டம்.
இது இருபத்தெட்டு அடி நாலு அங்குலம் என்றால்
மற்றதும் அதையே சொன்னது.
பொய்யென்றால் இப்படியா ஒத்துப்போகும்?
எழுதினேன், கையெழுத்து வைத்தேன்,
எஞ்சினியருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.
ஒரு நாளும் பிழைக்கவில்லை.

பிழைத்தது கால்.
மார்கழி மழையில் அணையிலிருந்து இறங்கும்போது
இரண்டு படிக்கட்டில்
இல்லாததைத் தெரிந்தெடுத்தேன்.
வான்கதவடியில் நின்ற மீராலெப்பை நானா
சேட்டைப் பிடித்து இழுத்திராவிட்டால்
அன்றைய மட்டத்தில் நானும் சேர்ந்திருப்பேன்.
"குடிச்சிருக்கியா?" என்றார்.
வலக்கண்ணைப் பொத்தினேன். ஒரு மீராலெப்பை.
கையை எடுத்தேன்.
இரண்டு பேரும் ஏசினார்கள்.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
கண் கிளினிக், மறுகா ஸ்கேன், மறுகா ஒரு மாடி மேலே.
டொக்டர் அஸ்மியா திரையில் விரல் வைத்தா.
"இது மண்டையோட்டின் அடி.
இந்த எலும்புக்குச் சரிவு என்றுதான் பெயர்.
இதற்குப் பின்னால் மூளைத்தண்டு."

அணைச்சரிவு எனக்குத் தெரியும்.
முன்னால் புல்,
பின்னால் ஒரு குளம் நிறைய எடை.
நடுவில் எலி வளை தோண்டினால்
கனகாலம் யாருக்கும் தெரியாது.

"கட்டி," என்றா.
"வருஷத்தில் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு."
லொத்தரில் ஐம்பது ரூபாய்க்கு மேல்
விழுந்தறியாதவன் நான்.

எங்கிருந்து வந்தது என்று தவமலர் கேட்டாள்.
"வரவில்லை. போகாமல் நின்றது.
முள்ளந்தண்டு உருவாக முந்தி
கருவுக்குள் ஒரு நாண் ஓடும்.
எலும்பு வந்ததும் கரைந்துவிட வேணும்.
இவருக்கு ஒரு துளி கரையவில்லை."

எழுபத்தெட்டுச் சூறாவளி இரவு
அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு
பள்ளிக்கூட மேசைக்குக் கீழே கிடந்தவ.
ஓடு பறந்த சத்தத்தில் அது கரைய மறந்ததோ?
டொக்டரிடம் கேட்கவில்லை.
கேட்கிற கேள்வியா அது.

மூக்கால்தான் போனார்கள்.
ஒரு துளையில் கமரா,
பிடித்தவர் காது மூக்கு டொக்டர் கோகுலரமணன்.
மற்றதில் அஸ்மியாவின் கருவி.
இரண்டு பேர், நாலு கை, ஒரே படம்.
ஒன்பது மணித்தியாலம்.
சரிவை முட்டைக்கோது கனத்துக்கு ராவி
துடிக்கிற இரண்டு நாடிக்கும் நடுவில்
களி மாதிரிக் கிடந்ததை உறிஞ்சினார்களாம்.
எனக்கு ஒன்றும் தெரியாது.
ஒரு நாளின் கட்டம் மட்டும்
எழுதாமல் கிடக்கிறது.

தொடையில் கொழுப்பெடுத்து ஓட்டையை அடைத்திருந்தார்கள்.
மண்மூடை அடுக்கியவனுக்கு விளக்கம் தேவையில்லை.
தும்மாதே. குனியாதே. மூக்குச் சீறாதே.
தாதி நிறஞ்சலா மணித்தியாலத்துக்கு ஒருக்கா
மூக்கடியில் வெள்ளைத் துணி பிடித்து,
"கசியுதா அண்ணன்?" என்று கேட்டு,
நேரத்தோடு எழுதிக்கொண்டு போவா.
என்னை ஒருவர் அளந்து எழுதுவது
அதுதான் முதல் தடவை.

ஒரு நெல்லளவு விட்டிருக்கிறார்கள்.
நாடியோடு ஒட்டியது, சுரண்டினால் ஆள் இல்லை.
தவமலர் அழுதாள். நான் சொன்னேன்,
"கோடையிலும் குளத்தை அடிமண் வரை
திறந்துவிடுறதில்லையே."
உவமை பிழை, எனக்குத் தெரியும்.
மீனுக்கு அந்த மிச்சத் தண்ணீர் வேணும்.
இங்கே
அந்த நெல்லுக்குத்தான் நான் வேணும்.

மஹரகமவில் ஏழு கிழமை கதிர்.
ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஸ்கேன்.

வைகாசியில் இரண்டு அளவுகோலும்
ஒரு முழம் கிட்ட வந்தன.
ஆடியில் தோளோடு தோள் உரசின.
இப்போது நேரே பார்த்தால் ஒன்று.
வலப்பக்கம் கடைக்கண்ணால் பார்த்தால்
மற்றவன் இன்னும் எட்டிப் பார்க்கிறான்.
பார்ப்பதில்லை.
சில நாள் பார்க்கிறேன்.

இருபத்தொரு அடி பத்து அங்குலம்.
அவனும் அதைத்தான் சொல்கிறான்.